பின்சுவரைத் தேடும் சக்கரங்கள்

ஜூன் 3, செவ்வாய்

மாப்பிள்ளைக்குப் பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கை கழுவினார், பிரித்த பிறகு ஒரு தடவை. உள்ளே நாலு பாக்கெட். நாலிலும் சக்கரம். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. எனக்கு நாலும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கடைக்கு இழுத்துப் போய்க் கண்ணாடி மாட்டிவிடுவார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இந்த நோட்டுக்குள் மட்டும் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். டீயில் சர்க்கரை ஏறிவிட்டால்கூட "ரெண்டு மில்லிமீட்டர் கூடிடுச்சு" என்பார். அப்படி ஓர் ஆள்.

மாடியில் பின் அறை முழுக்க அவருடைய மேஜை. மேஜை முழுக்க ரயில். முக்கால் சாண் நீளத்தில் கூட்ஸ் வேகன் முப்பத்திரண்டு. பொம்மை ரயில் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாடல் என்று சொல்ல வேண்டுமாம். முப்பத்தாறு வருஷம் நிஜ ரயில் பாதையில், தண்டவாளம் சோதிக்கிற கேங்மேனாக நடந்தவன் நான். சுத்தியல் ஒரு தோள், போல்ட் முடுக்குகிற சாவி ஒரு தோள். எனக்கு மாடல் எது, அசல் எது என்று பாடம்.

விஷயம் இதுதான். இந்த வண்டிகளுக்கு இருப்பது பிளாஸ்டிக் சக்கரம். ஓட ஓட அது தண்டவாளத்தில் கறுப்பாக அழுக்கை ஈஷுகிறது. இன்ஜினுக்குக் கரண்ட்டு தண்டவாளம் வழியாகத்தான். அழுக்கு சேர்ந்தால் இன்ஜின் விக்கல் வந்த மாதிரி நின்று நின்று போகிறது. அதனால் எல்லா வண்டிக்கும் இரும்புச் சக்கரம் மாற்றப் போகிறார். இரும்பு இல்லை, பித்தளைக்கு மேல் வெள்ளைப் பூச்சு என்றார். நான் இரும்பு என்றுதான் எழுதுவேன். வண்டிக்கு எட்டு சக்கரம், முப்பத்திரண்டு வண்டி. மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லாத வீட்டில்!

இந்த நோட்டு தங்கச்சி மகள் கொடுத்தது. "மாமா, நீங்க ஒரு கதைய ஆரம்பிச்சா அது முடியறதுக்குள்ள எனக்குக் குழந்தையே பொறந்துடும். இதுல எழுதிக்கங்க" என்றாள். குழந்தை பிறந்து ஏழு மாசம் ஆகிறது. கதைதான் முடியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பின்பக்கத்து மனையில் பள்ளம் தோண்டி ஒரு மாசம் ஆகிறது. தரைக்குக் கீழே ரெண்டு மாடி வருமாம். நம் பின்சுவரிலிருந்து நாலடி தள்ளிப் பள்ளம். எட்டிப் பார்த்தேன், அடியில் நிற்கிற ஆள் என் கட்டைவிரல் அளவு தெரிந்தார். ஊற்று எடுத்துவிட்டதால் இன்று பம்ப் வைத்துவிட்டார்கள். தடதடவென்று ஒரே சத்தம்.

தங்கச்சி, "தூக்கத்துல நான் கொறட்டை விடறேன்னு சொல்வீங்களே, இப்ப எது கொறட்டைன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றாள் அவரிடம்.

அவர் சிரிக்கவில்லை. வீட்டைப் பற்றிய பேச்சென்றால் அவருக்குச் சிரிப்பு வராது. இந்த வீட்டைக் கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே ரசமட்டத்தோடு நின்றவர். கீழே பின் அறைத் தரையை மூன்று தடவை பெயர்த்துப் போட வைத்தார். தண்ணீர் ஊற்றினால் கதவு மூலையில் இருக்கிற ஓட்டைக்குப் போக வேண்டும், ஒரு சொட்டு நிற்கக் கூடாது. கொத்தனார் கடைசியில், "ஐயா, இந்த வாட்டம் போதுமா, இல்ல என்னையும் சேத்து அந்த ஓட்டை வழியா அனுப்பறீங்களா" என்று கேட்டாராம். இதைத் தங்கச்சி சொல்ல நூறு தடவை கேட்டிருக்கிறேன், நூறு தடவையும் சிரிப்பு வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சக்கரத் தேர்வு. கறுப்புத் துணி விரித்து நாலு ரகத்தையும் வரிசையாக வைத்தார். மூச்சு விட்டால் உருண்டுவிடும் என்று என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

முதல் ரகத்துக்கு அச்சு ஒரு மயிரிழை கூடுதல் நீளம். மாட்டினால் அச்சைத் தாங்குகிற கால் அகன்று சக்கரம் இறுகுகிறது. இரண்டாவது அச்சு குட்டை, லொடலொடவென்று ஆட்டம். மூன்றாவதில் சக்கரத்தின் விளிம்பு ஆழம், தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற ஆணித்தலை ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டு போகிறது. நாலாவது கச்சிதம். "மச்சான், இத பாருங்க" என்று விரலால் சுண்டினார். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கே ஆசையாக இருந்தது. நிஜ வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்போம். நல்ல சக்கரம் மணி மாதிரி பாடும், வெடித்த சக்கரம் சட்டி மாதிரி சத்தம் போடும். இதைத் தட்டிப் பார்க்கச் சுத்தியலுக்கு எங்கே போக?

பிறகு ஓட்டச் சோதனை. மேஜை ஓரத்தில் சின்னப் பலகையைச் சாய்த்து, அதிலிருந்து வண்டியை விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டார். பின்சுவரைப் பார்த்து விட்டபோது ஒன்பது சாண். அதே பலகை, அதே வண்டி, வாசல் பக்கம் பார்த்து விட்டபோது ஏழு.

"ஏன் மாப்பிள்ளை?"

"ஃபேன் காத்து மச்சான்" என்று சொல்லி ஒன்பதை எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கரண்ட்டு போயிருந்தது. ஃபேன் சுற்றவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நாலாவது ரகம் மூட்டையாக வந்து, முப்பத்திரண்டு வண்டிக்கும் மாட்டியாயிற்று. அவர் மாட்ட, நான் பழையதைத் தகர டப்பாவில் போட்டேன். ஓடுகிற சத்தமே மாறிவிட்டது. முன்பு கட்டை வண்டி இழுக்கிற மாதிரி இருந்தது. இப்போது டக்-டக், டக்-டக். கண்ணை மூடிக் கேட்டேன். எட்டு மைலுக்கு அப்பால் கூட்ஸ் வருகிற சத்தம். கண்ணைத் திறக்க மனசில்லை.

ஜூன் 19, வியாழன்

சண்டை. காலையில் ஒதுக்குப் பாதையில் நடுவாக நிறுத்திவிட்டுப் போன ஐந்து வண்டியும் சாயங்காலம் கடைசி முட்டுக்கட்டையில் முட்டிக்கொண்டு நின்றன. பின்சுவர்ப் பக்கத்து முட்டுக்கட்டை.

"யாரு தொட்டது?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. மாடி ஏறி வந்து உங்க வண்டிய தள்ளிட்டு எறங்கிப் போறேன்" என்றாள் தங்கச்சி.

என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பழி சக்கரத்தின் மேல். ரொம்ப லகுவாக ஓடுகிறதாம், நிற்கத் தெரியவில்லையாம். வேறு ரகம் வரவழைக்கிறார். கொஞ்சம் கனமானது.

நிற்கத் தெரியாத சக்கரமா? சக்கரத்துக்கு நிற்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது. கீழே இருப்பது சொல்கிறபடி கேட்கும், அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு வாய் பாதிதான் திறக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

கனமான சக்கரம் இன்னும் வேகமாகப் போகிறது.

அவர் கடைக்குப் போனதும் ஒரு வண்டியை எடுத்து முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். வண்டியில் கோளாறு என்றால் இப்போது வாசல் பக்கம் ஓட வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு மெதுவாகப் பின்சுவரைப் பார்த்தே போனது.

ஜூலை 2, புதன்

பம்ப் நிற்கவே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ரசமட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். நடுவில் நிற்க வேண்டிய குமிழி வாசல் பக்கமாக ஒதுங்கிப் போய் நின்றது. அப்படியென்றால் பின்பக்கம் இறங்கியிருக்கிறது.

"பாத்தீங்களா மச்சான், சக்கரம் இல்ல. மேஜை. மரம் வத்திடுச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பின்பக்கத்து ரெண்டு கால்களுக்கும் கீழே கண்ணாடி டப்பா அட்டையை மடித்து ஒவ்வொன்று வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது அட்டை.

ஜூலை 13, ஞாயிறு

மூன்றாவது.

"இன்னுமா மரம் வத்துது?" என்று கேட்டேன். "தேக்கு அப்படித்தான்" என்றார். அவர் மேஜை தேக்கு இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று பின்சுவர் ஓரமாகப் போய் நின்றேன். பம்ப்புக்காரர் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே, நம் பின்சுவரை ஒட்டி, தகரக் கொட்டாய் போட்டுத் தங்கியிருக்கிறார். ஐம்பது வயசு இருக்கும். என்னைப் போலப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனவர். பீடியை அணைத்துவிட்டு, "வாங்கண்ணே" என்றார்.

பேசிக்கொண்டே குழாய் வாயைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக வருகிறது.

"எப்பவுமே இப்படியா வருது?"

"மொத வாரம் கண்ணாடி மாதிரி வந்துச்சுண்ணே. இப்பதான் டீ கலர்ல வருது. பால் ஊத்துனா குடிச்சிடலாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக் குழாயில் நீட்டினேன். உள்ளங்கையில் மண் தங்கியது. மாவு மாதிரி மண்.

ரயில் கரையில் நடக்கிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது இது. கரைக்கு அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தால் விட்டுவிடு, அது வெறும் தண்ணீர். கலங்கல் வந்தால் போவது தண்ணீர் இல்லை, கரை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் முன்னால், ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் கலங்கலைப் பார்த்தேன். மேஸ்திரியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "மழைன்னா கலங்கத்தான்டா செய்யும், போய்ச் சாப்பிடு" என்றார். போய்ச் சாப்பிட்டேன். கை கழுவுவதற்குள் சத்தம் கேட்டது. கரை போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்கியது. அப்போது பாலத்தின் மேல் போன கூட்ஸின் கடைசிப் பெட்டி கவிழ்ந்து, அதில் இருந்த கார்டு போய்ச் சேர்ந்தார். காலையில்தான் என்னிடம் தீப்பெட்டி வாங்கிப் பற்றவைத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்போது சிவப்புக் கொடி என் அக்குளில் சுருட்டியபடி இருந்தது. கொடியை விரிக்கக் கேங்மேன் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. நான் கேட்டேன்.

கொடி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, மேஜை எறங்கல. வீடு எறங்குது."

கையில் இருந்த சின்னத் திருகுளியைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயம். "மச்சான், ரோட்டுல நடந்தவன் எல்லாம் ரோடு இன்ஜினியர் ஆயிடுவானா?" என்றார். பிறகு, "இந்த வீட்டுல ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். என் கண்ணு முன்னாடி வெச்ச கல்லு."

"கல்லு தப்புன்னு சொல்லல. கல்லுக்குக் கீழ..."

"போதும்."

தங்கச்சி வாசற்படியில் நின்று ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்தார் மில்லிமீட்டர், என் வாயை அடைக்க. அவர் பின்சுவரைப் புறங்கையால் தட்டிவிட்டு, "பூச்சு வெடிப்பு சார், எல்லா வீட்லயும் இருக்கும்" என்றார். அதற்கு முன்னால் வரை அங்கே வெடிப்பு இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

ஜூலை 24, வியாழன்

தங்கச்சி மகள் குழந்தையோடு வருகிறாள். அவள் புருஷனை ரெண்டு மாசம் வெளியூர் வேலைக்கு அனுப்புகிறார்கள். தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கீழே பின் அறையை ஒழிக்கிறாள். வெயில் படாது, குளிர்ச்சியாக இருக்கும், குழந்தை நன்றாகத் தூங்கும் என்கிறாள்.

அந்த அறைக்கு நேர் மேலேதான் ரயில் மேஜை. அந்த அறைக்கு நேர் பின்னால்தான் பள்ளம்.

முன் அறையைக் கொடுக்கலாமே என்றேன். "அங்க நீ குறட்டை விட்டா புள்ள எப்படிண்ணா தூங்கும்?" என்றாள்.

பின் அறைக் கதவு சாத்த வரவில்லை. மேல் மூலையில் இடிக்கிறது. மில்லிமீட்டர் இழைப்புளி எடுத்து வந்து கதவைச் சீவினார். சுருள் சுருளாக மரம் விழுந்தது. இப்போது சாத்துகிறது. கதவு இப்போது நேர் சதுரம் இல்லை. ரசமட்டத்தோடு நின்று வீடு கட்டிய ஆள், கோணிப்போன நிலைக்கு ஏற்ற மாதிரி கதவைக் கோணலாக்கிவிட்டுப் போகிறார். என்ன சொல்ல.

ஜூலை 27, ஞாயிறு

இன்று அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன்.

காலையிலிருந்து மாடியில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வண்டியிலிருந்தும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றினார். தகர டப்பாவிலிருந்து பழைய பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்து மாட்டினார். அதே அழுக்குச் சக்கரம். இறுக்கமான, நகராத சக்கரம். எல்லா வண்டியையும் ஒதுக்குப் பாதையில் வரிசையாக நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்க மச்சான். அசையுதா?"

அசையவில்லை.

"ஒரு மணி நேரமா நிக்குது. சக்கரம்தான் கோளாறு. நான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு, ஒத்துக்கறேன். இனிமே வீடு அது இதுன்னு பேசாதீங்க. புள்ள வர்ற நேரம்."

அவர் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. சின்னத் தப்பை ஒத்துக்கொண்டால் பெரிய தப்பு ஓடிப்போய்விடும் என்று நினைக்கிறாரோ?

ஓடுகிற வண்டியைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். நிற்கிற வண்டியைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.

கழற்றிய இரும்புச் சக்கரங்களில் ஒரு வண்டிக்கு உண்டானதை, நாலு அச்சு, எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். திருட்டுதான்.

ஜூலை 30, புதன்

வந்துவிட்டார்கள். குழந்தை தவழ்கிறது. என் மீசையைப் பார்த்து அழவில்லை, பிடித்து இழுத்தது. நல்ல பிடி, கேங்மேன் பிடி. பின் அறையில் படுக்கை போட்டாயிற்று. சுவரை ஒட்டி.

ஆகஸ்ட் 2, சனி

நிதானமா எழுத முடியல. அப்படியே எழுதறேன்.

சாயங்காலம் பின் அறைல தங்கச்சி மகளும் நானும் பேசிட்டு இருந்தோம். மடில இருந்து ஒரு அச்சு நழுவி விழுந்துச்சு. நான் வேணும்னு போடல. சத்தியமா வேணும்னு போடல. விழுந்த அச்சு ஒரு வட்டம் போட்டு, நேரா பின்சுவர் மூலைக்கு உருண்டுச்சு. குழந்தை அதைப் பாத்து கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே பின்னாடியே தவழ்ந்து போச்சு. எடுத்துட்டு வந்து வெச்சேன். திரும்ப அங்கயே. திரும்ப குழந்தை. நாலு தடவை. விளையாட்டுன்னு நெனச்சுக்கிச்சு அது.

ஜூன் மாசம் யோசிச்சு யோசிச்சுப் போன சக்கரம். இப்ப யோசிக்கவே இல்ல. ஓடுது.

அவ கேட்டா, "மாமா, இது ஏன் அங்கயே போகுது?"

சொன்னேன். பள்ளம், கலங்கல், அட்டை, சீவின கதவு, எல்லாம். என் வாழ்க்கைலயே சுத்தி வளைக்காம சொன்ன ஒரே கதை அதுதான். அவ படுக்கைய சுருட்டிக்கிட்டு முன் அறைக்கு வந்துட்டா. அவ அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டேன். கொசுன்னு சொல்லிக்கலாம்ன்னா.

கொசுவா? மறுபடி யார் கிட்டயோ உத்தரவு கேக்கறோமா நாம?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். கொடி மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. பின் அறைக் கதவுப் பிடியில் இறுக்கிக் கட்டினேன்.

தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். "என்னண்ணா இது, வீட்டுக்குள்ள கொடி கட்டற? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"யாரும் உள்ள போகக் கூடாது மாப்பிள்ளை. நீங்களும் மாடிக்குப் போகக் கூடாது" என்றேன்.

"என் வீட்டுல எனக்கு உத்தரவா?"

"ஆமா."

நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அவருடைய உபரித் தண்டவாளத் துண்டுகளையும் ஒரு வண்டியையும் மகள் முன்பே எடுத்து வந்து வைத்திருந்தாள். வாசற்படியிலிருந்து நடை வழியாகப் பின் அறை மூலை வரை ஒரே நேராகக் கோர்த்தோம்; அறைக்குள் நான் மட்டும் போய் வந்தேன். அந்த வண்டியில் பிளாஸ்டிக்கைக் கழற்றி இரும்பை மாட்டினேன். என் தடித்த விரலுக்கு அது பெரிய வேலை. மில்லிமீட்டர் பார்த்துக்கொண்டே நின்றார். "அச்சு நேரா உக்காரல" என்று தன்னை அறியாமல் சொன்னார். சரி செய்தேன். வாசலில் வைத்துக் கையை எடுத்தேன்.

தள்ளவில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. டக்... டக்... டக். நடை தாண்டுவதற்குள் டக்-டக், டக்-டக். கொடி கட்டிய கதவைத் தாண்டும்போது ஒரே இழுப்பாகச் சத்தம் வந்தது. பின்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. குழந்தை மட்டும் கை தட்டியது.

"தரைன்னா வாட்டம் இருக்கத்தான் செய்யும்" என்றார் அவர். "தண்ணி போகறதுக்கு நான்தான் வெக்கச் சொன்னேன். மூணு தடவ பேத்துப் போட்டு..."

"வாட்டம் எந்தப் பக்கம் வெச்சீங்க மாப்பிள்ளை?"

வாயைத் திறந்தார். கண் தானாகக் கதவு மூலைக்குப் போனது. அங்கே இருக்கிறது ஓட்டை. வண்டி ஓடியது அதற்கு எதிர் மூலைக்கு.

பிறகு, யாரும் சொல்லாமல், போய் ஒரு குவளை தண்ணீர் எடுத்து வந்தார். கொடியை ஒதுக்கிவிட்டு உள்ளே குனிந்து, ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஊற்றினார்.

தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு நூல் பிடித்த மாதிரி பின்சுவரைப் பார்த்துப் போனது. சுவர் ஓரம் போய்த் தேங்கும் என்று நினைத்தேன். தேங்கவில்லை. தரையும் சுவரும் சேருகிற இடத்தில் உள்ளே இறங்கி, இல்லாமல் போனது. ஒரு குவளைத் தண்ணீரும் போனது.

குவளை அவர் கையிலேயே இருந்தது. "துணிமணிய எடு" என்றார் தங்கச்சியிடம். மாடிப்படி வரை போனார். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாடகைக்கு ரெண்டு அறை கிடைக்கிற வரை கடைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறோம். நான் மட்டும் போய்ப் பம்ப்புக்காரரைப் பார்த்தேன். பாதி சொல்வதற்குள் எழுந்து, கொட்டாயைப் பிரித்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்துவிட்டார். ஏன், எதற்கு, ஒரு கேள்வி இல்லை. ரெண்டு வாரமாக நான் சொன்னதை ஒரே தடவையில் கேட்ட ஆள் அவர்தான்.

மில்லிமீட்டர் பள்ளத்து மேஸ்திரியிடம் போய்ப் பம்ப்பை நிறுத்தச் சொன்னார். "வண்டி ஓடிச்சுன்னு வேலைய நிறுத்தச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

ஆகஸ்ட் 9, சனி

காலை பத்தே கால். வீட்டுப் பின்பாதி பள்ளத்துக்குள் போய்விட்டது. டீ நேரம், பள்ளத்தில் யாரும் இல்லை. வீட்டிலும்.

முன்பாதி அப்படியே நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்தால் வானம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாடகை வீட்டில் ரெண்டு அறை. தரைத்தளம். சின்னப் பார்சல் ஒன்று வந்தது. அன்று பின்சுவரில் கவிழ்ந்து, நான் எடுத்து வந்த வண்டியைக் குழந்தை கையில் பிடித்தபடி கிளம்பியதால் அது ஒன்று மட்டும் எங்களோடு வந்தது. முப்பத்தொன்று மண்ணுக்குள். அந்த ஒன்றிலும் ஓர் அச்சு எங்கோ விழுந்துவிட்டது. அதற்காகத்தான் பார்சல்.

மில்லிமீட்டர் கை கழுவிவிட்டு வந்து பிரித்தார். ரெண்டு பாக்கெட். ஒன்று பிளாஸ்டிக், ஒன்று இரும்பு. கறுப்புத் துணி இல்லை, தங்கச்சியின் பழைய துண்டை விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரெண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எடுங்க மச்சான்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை எதையும் எடுக்கச் சொன்னதில்லை. தோசைக் கரண்டி, திருகுளி எதுவும். நான் ஒரு கதை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். இரும்பை எடுத்துக் கொடுத்தேன்.

மாட்டினார். வண்டியைத் தரையில், ஒரு முழத் தண்டவாளத்தின் நடுவில் வைத்தார். தங்கச்சி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவர் விரலை எடுத்தார்.

பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். வண்டி வைத்த இடத்திலேயே நின்றது. தங்கச்சி மூச்சை விட்டுவிட்டு அடுப்புக்குப் போனாள். குழந்தை இறங்குவதற்குத் திமிறியது.

மில்லிமீட்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. வண்டிக்கு ஒரு சாண் தள்ளி, சுவர்ப் பக்கமாக, உள்ளங்கையைக் குவித்துத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வைத்த டீ ஆறிப்போனது.

"நிக்குது மாப்பிள்ளை."

"தெரியுது மச்சான்" என்றார்.

கையை எடுக்கவில்லை.